ஒருசாலை மாணாக்கர்: பழைய மாணவர் செய்தித் தொடர்பின் வரலாறு

முன்னுரை

ஒரே பள்ளியில் படித்தவர்கள், பள்ளியை விட்டுப் பிரிந்த பிறகும் ஒருவர் செய்தியை ஒருவர் அறிந்து வாழ்வது ஒரு பழைய வழக்கம். யாருக்கு வேலை கிடைத்தது, யார் வீட்டில் திருமணம், யார் உடல்நலமின்றி இருக்கிறார், யார் மறைந்தார் என்னும் சிறு செய்திகளே இந்தத் தொடர்பைக் காக்கின்றன. தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இன்று பழைய மாணவர் சந்திப்புகள் ஆண்டுதோறும் பல நடக்கின்றன. இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, எப்படி வளர்ந்தது, அதில் விடுபட்டவர்கள் யார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒருசாலை மாணாக்கர் என்னும் மரபு

ஓர் ஆசிரியரிடம் ஒன்றாகப் பயின்றவர்களைத் தமிழ் இலக்கண உரைகள் 'ஒருசாலை மாணாக்கர்' என்று குறிப்பிடுகின்றன. தொல்காப்பியத்திற்குச் சிறப்புப் பாயிரம் எழுதிய பனம்பாரனார், தொல்காப்பியருடன் ஒருசாலையில் பயின்றவர் என்பது மரபு. நூல் எந்த எல்லைக்குள் வழங்கும் மொழியைப் பற்றியது, எந்த மன்னனின் அவையில் அரங்கேறியது, அங்கே அதைக் கேட்டவர் யார் என்ற விவரங்களை அப்பாயிரம் தருகிறது. உடன் படித்தவர் ஒருவரின் வாழ்வில் நடந்த முதன்மையான நிகழ்ச்சியைப் பற்றி, அவருடைய தோழர் எழுதிவைத்த செய்தி என்றே இதைக் கொள்ளலாம்.

நன்னூல் இதை ஒரு விதியாகவே கூறுகிறது. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதத் தகுதி உடையவர்களாக நால்வரை அது காட்டுகிறது. நூலாசிரியரின் ஆசிரியர், அவரோடு கற்றவர், அவருடைய மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர் ஆகியோரே அந்நால்வர். தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால், ஒருவரைப் பற்றிச் சொல்லும் உரிமையை உடன் கற்றவருக்கும் நம் முன்னோர் கொடுத்திருந்தனர்.

இம்மரபு 19ஆம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற தியாகராச செட்டியார், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். 1880இல் அவர் ஓய்வு பெற்றபோது, அதே ஆசிரியரிடம் தமக்குப் பின் பயின்ற உ.வே.சாமிநாதையருக்கு அந்தப் பணி கிடைக்க வழி செய்தார். மூத்த மாணவர் ஒருவர் தம் இடம் காலியாகும் செய்தியை இளையவரிடம் சேர்த்ததன் பயனை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். கல்லூரிப் பணியில் இருந்த காலத்தில்தான் உ.வே.சா. சீவக சிந்தாமணி முதலிய நூல்களைப் பதிப்பிக்கத் தொடங்கினார். பின்னாளில் அவர் தம் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதினார். தியாகராச செட்டியாரின் வரலாற்றையும் தனி நூலாக எழுதி அந்தக் கடனைத் தீர்த்தார்.

அமெரிக்கக் கல்லூரிகளின் பெயர்ப்பட்டியல்

ஆசிரியர் ஒருவரைச் சுற்றி அமைந்த நம் மரபில், செய்தி வாய்மொழியாகவும் கடிதமாகவும் சென்றது. நிறுவனம் ஒன்று தன் பழைய மாணவர் அனைவரையும் பட்டியலிட்டுச் செய்தி திரட்டும் முறை, நம் பகுதிக்கு அமெரிக்க மிஷனரிகள் வழியாக வந்தது.

அமெரிக்காவின் ஹார்வர்டு, யேல் போன்ற பழைய கல்லூரிகள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் பட்டதாரிகள் அனைவரின் பெயரையும் ஆண்டுவாரியாக அச்சிட்டு வந்தன. இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் ஒரு விண்மீன் குறி இடப்படும். ஒவ்வொரு பதிப்பிலும் விண்மீன்கள் கூடும். உயிரோடு இருப்பவர்கள் தம் தோழர்களில் யார் போனார் என்பதை அந்தக் குறியைப் பார்த்தே அறிந்தனர்.

மாணவர்களே அமைத்துக்கொண்ட சகோதரக் கழகங்களும் அந்நாட்டில் உண்டு. 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தோன்றிய 'பை பீட்டா கப்பா' இவற்றுள் முதலாவது. கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட இக்கழகங்கள், உறுப்பினர்களைச் சகோதரர்கள் என அழைத்தன. அவர்களைப் பற்றிய செய்திகளை வெளியிடப் பிற்காலத்தில் தனி இதழ்களையும் நடத்தின. 1821இல் வில்லியம்ஸ் கல்லூரியில் பழைய மாணவர்களுக்கெனத் தனிச் சங்கம் தோன்றியது.

வட்டுக்கோட்டை: மூடிய பள்ளியும் மூடாத தொடர்பும்

இந்தச் சூழலில் படித்தவர் டேனியல் பூர். டார்ட்மவுத் கல்லூரியில் 1811இல் பட்டம் பெற்ற அவர், அமெரிக்க மிஷன் சார்பில் யாழ்ப்பாணம் வந்தார். 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கப்பட்ட செமினரிக்கு அவரே முதல் அதிபர். தம் நாட்டுக் கல்லூரிகளைப் போலவே செமினரியும் மூன்றாண்டு அறிக்கைகளை அச்சிட்டது. படித்து வெளியேறியவர்கள் எங்கே, என்ன பணியில் இருக்கிறார்கள் என்பது அந்த அறிக்கைகளில் இடம்பெற்றது. இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. மாணவர்களின் செலவை அமெரிக்காவில் இருந்த புரவலர்கள் ஏற்றிருந்தனர். சில மாணவர்களுக்குப் புரவலர் பெயரே வைக்கப்பட்டது. தாம் ஆதரித்த மாணவன் என்ன ஆனான் என்று அவர்கள் அறிய விரும்பினர்.

1841இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'உதயதாரகை' இதழின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவரும் செமினரியின் பழைய மாணவர்களே. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இளங்கலைப் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை.தாமோதரம்பிள்ளையும் அங்கே படித்தவர்களே. பனம்பாரனாரின் பாயிரத்தோடு கூடிய தொல்காப்பியத்தை உரைகளுடன் பதிப்பித்துத் தமிழுலகுக்குத் தந்தவர்களில் தாமோதரம்பிள்ளை முதன்மையானவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

ஆனால் பழைய மாணவர் செய்தியே அந்தப் பள்ளிக்குப் பகையாகவும் அமைந்தது. 1855இல் அமெரிக்க மிஷன் தலைமையிலிருந்து ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த குழு, செமினரியின் பயன் என்ன என்று ஆராய்ந்தது. படித்தவர்களில் பலர் சமயப் பணிக்கு வராமல் அரசு வேலைக்குச் செல்கிறார்கள் என்பது ஒரு குறையாகச் சொல்லப்பட்டது. அவ்வாண்டே செமினரி மூடப்பட்டது. யார் எங்கே வேலை பார்க்கிறார் என்ற தகவல், திரட்டியவரின் நோக்கத்துக்கு மாறான முடிவுக்கும் துணை போகும் என்பதற்கு இது ஒரு சான்று.

கதை அத்துடன் முடியவில்லை. பள்ளி இல்லை, ஆனால் படித்தவர்கள் இருந்தனர். அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். உயர்கல்விக்கு மீண்டும் ஓர் இடம் வேண்டும் என்று அவர்களே கூடிப் பேசினர். அம்முயற்சியின் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் தொடங்கியது. கட்டடம் மூடப்பட்டு 17 ஆண்டுகள் ஆன பின்னும் ஒரு பள்ளி உயிர்பெற்றது என்றால், அதற்குப் பழைய மாணவர்களின் தொடர்பு அறுபடாமல் இருந்ததே காரணம்.

மதுரைக்கு வந்த வழி

டேனியல் பூர் 1836இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து 1841 வரை பணியாற்றினார். மதுரை மிஷன், யாழ்ப்பாண மிஷனின் கிளையாகவே 1834இல் தொடங்கியது. 1842இல் திருமங்கலத்தில் தொடங்கப்பட்ட செமினரி 1845இல் பசுமலைக்கு மாறியது. அங்கே 1881இல் தோன்றிய கல்லூரியே பின்னர் மதுரை நகருக்குள் வந்து, இன்று அமெரிக்கன் கல்லூரி என விளங்குகிறது. ஆக, ஆண்டு மலர், பழைய மாணவர் நாள், பழைய மாணவர் சங்கம் ஆகியவற்றை நம் வட்டாரத்துப் பள்ளிகள் பின்பற்றத் தொடங்கியபோது, அவற்றுக்கு முன்மாதிரி மதுரையிலேயே இருந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் படித்தவர்களுக்கு அக்காலத்தில் கல்லூரி என்றால் பெரும்பாலும் மதுரைதான். 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியும், 1971இல் பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரியும் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. பெண்பிள்ளைகளை வெளியூர் விடுதிக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்களுக்குப் பெரியகுளம் பெரிய ஆறுதலாயிற்று.

பள்ளத்தாக்கில் பிரிவும் தொடர்பும்

கூடலூரிலிருந்து தேனி வரை நீளும் இப்பள்ளத்தாக்கின் இருபுறமும் மலை. 1895இல் முல்லைப் பெரியாறு அணையின் நீர் வந்த பின் உழவு செழித்தது. எனினும் படித்தவர்க்கும் படிக்காதவர்க்கும் வேலை பல ஊர்களில் சிதறியே கிடைத்தது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றவர்கள் பலர். மதுரை, கோவை, திருப்பூர், சென்னை எனச் சென்றவர்கள் பலர். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது, தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு அமைந்தன. அதனால் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தவர்கள் இரண்டு மாநிலத்துக்காரர்கள் ஆனார்கள்.

மதுரை – போடி ரயில் பாதை 1928இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தண்டவாளங்கள் பிரித்தெடுக்கப்பட்டன. 1950களில் மீண்டும் போடப்பட்டன. அகலப் பாதைப் பணிக்காக 2010 இறுதியில் ரயில் நின்றது. தேனி வரை 2022இலும், போடி வரை 2023இலும் மீண்டும் ஓடத் தொடங்கியது. விடுமுறைக்கு ஊர் திரும்புவோர் பேசிப் பேசியே ஊர்ச்செய்தி அறிந்துகொண்ட இடம் இந்த ரயில் பெட்டி.

செய்தி சென்ற வழிகள்

1879இல் கால் அணா விலையில் அறிமுகமான அஞ்சலட்டையே ஏழை மாணவனின் முதல் செய்தித்தாள் எனலாம். வேலை கிடைத்ததும் தன் ஆசிரியருக்கு ஓர் அட்டை எழுதுவது அன்றைய பழக்கம். ஆசிரியர் அதை வகுப்பில் படித்துக் காட்டுவார். கேட்ட பிள்ளைகள் வழியாக அது தெருவுக்குச் சென்றுவிடும். இப்படி ஆசிரியரே செய்திகளின் நடுவிடமாக விளங்கினார். 1972இல் பின்கோடு வந்த பிறகு, முகவரி ஏட்டில் ஆறு இலக்க எண்ணும் சேர்ந்துகொண்டது.

இவை தவிர, நம் ஊருக்கே உரிய மூன்று செய்தி ஏடுகள் உண்டு. அவற்றை யாரும் அவ்வாறு எண்ணுவதில்லை.

முதலாவது, திருமண அழைப்பிதழ். அதில் நண்பர்கள் என்ற தலைப்பின் கீழ் உடன் படித்தவர்களின் பெயர்கள் ஊரோடும் தொழிலோடும் வரும். அழைப்பிதழ் வந்த வீட்டில் அந்தப் பெயர்களை வாசித்துத்தான், இன்னார் இன்ன ஊரில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வோம்.

இரண்டாவது, மொய் நோட்டு. எந்த ஊர், யார், எவ்வளவு என்று எழுதப்படும் அந்த நோட்டு, பணக்கணக்கு மட்டுமன்று. யார் இன்னும் நம்மோடு தொடர்பில் இருக்கிறார் என்பதற்கு அதைவிட நம்பத்தகுந்த ஆவணம் இல்லை. பழைய மாணவர்களின் முகவரி தேடுவோர் முதலில் புரட்ட வேண்டியது இதைத்தான்.

மூன்றாவது, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. பேருந்து நிலையச் சுவரிலும் தேநீர்க் கடைப் பக்கத்திலும் ஒட்டப்படும் அதில், 'உடன் பயின்ற நண்பர்கள்' என்ற வரி அடிக்கடி காணப்படும். ஹார்வர்டு பட்டியலின் விண்மீன் குறி செய்த வேலையை நம் ஊரில் இந்தச் சுவரொட்டி செய்கிறது.

1980களின் இறுதியில் தெருமுனைத் தொலைபேசிக் கூடங்களும், அதன்பின் கைப்பேசியும் வந்தன. 2009இல் தோன்றிய வாட்ஸ்அப், பழைய மாணவர் தொடர்பை அடியோடு மாற்றியது. ஒரு குழுவில் இன்று 1,024 பேர் வரை இருக்கலாம். ஒரு வகுப்பு மட்டுமன்றி, ஒரு பள்ளியின் பல ஆண்டு மாணவர்களும் ஒரே குழுவில் சேர முடிகிறது. ஆனால் காலை வணக்கப் படங்களுக்கும் அரசியல் பகிர்வுகளுக்கும் நடுவே, ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார் என்ற செய்தி யார் கண்ணிலும் படாமல் போவதும் உண்டு.

பட்டியலில் விடுபட்டவர்கள்

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளி ஒன்றின் பத்தாம் வகுப்பு மாணவர்கள் 25 ஆண்டுகளுக்குப் பின் கூடினார்கள். வகுப்பாசிரியராக இருந்த என்னை அழைத்து, பழையபடி வருகைப் பதிவு எடுக்கச் சொன்னார்கள். அவர்கள் தந்த தாளைப் பார்த்துப் பெயர்களைப் படித்தேன். ஒவ்வொருவரும் எழுந்து 'உள்ளேன் ஐயா' என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்கள். ஒரு பெயருக்கு மட்டும் பதில் வரவில்லை. மறுபடியும் அழைத்தேன். பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, "ஐயா, அவன் தவறி நாலு வருசம் ஆச்சு" என்றார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்த இடத்திலேயே இறந்துவிட்டாராம். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேருக்கு அப்போதுதான் தெரியும்.

அன்று இரவு இன்னொன்றும் உறைத்தது. என் கையில் இருந்த தாள் தேர்வு எழுதியவர்களின் பட்டியல். ஒன்பதாம் வகுப்பிலேயே நின்றுபோன பிள்ளைகளின் பெயர் அதில் இல்லை. அவர்களில் ஒருவர் கூட்டம் நடந்த மண்டபத்துக்கு எதிரிலேயே கடை வைத்திருக்கிறார். அவரை யாரும் அழைக்கவில்லை. வேண்டுமென்று விட்டதன்று, பட்டியலில் இல்லாததால் நினைவிலும் இல்லை. நானும் அவர்களில் ஒருவன்தான்.

இவ்வாறு விடுபடுவோர் மூன்று வகையினர்.

முதல் வகையினர் இடையில் நின்றவர்கள். ஏலக்காய் பறிப்புக் காலத்தில் பெற்றோருடன் மலைக்குச் சென்று திரும்பாதவர்கள், மில்லுக்கும் கடைக்கும் வேலைக்குப் போனவர்கள் ஆகியோர் இவர்கள். தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி வந்தபோது இன்னொரு பிரிவும் ஏற்பட்டது. பத்தாம் வகுப்போடு நின்றவர் ஒரு குழு, பன்னிரண்டு முடித்தவர் ஒரு குழு என்று ஒரே வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

இரண்டாம் வகையினர் பெண்கள். திருமணத்துக்குப் பின் ஊர் மாறும், தலைப்பெழுத்து மாறும். ஆண் நண்பர்கள் நடத்தும் குழுவில் எண்ணைக் கொடுக்க வீட்டில் தயங்குவார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க அவர்கள் உடன்பிறந்தோரையும் தாய்வீட்டாரையும் விசாரிப்பதே வழி.

மூன்றாம் வகையினர், சொல்லிக்கொள்ளும்படி வாழ்க்கை அமையவில்லை என்று தாமே விலகி நிற்பவர்கள். ஆண்டு மலரில் மாவட்ட அதிகாரி ஆனவர், மருத்துவர் ஆனவர், வெளிநாடு சென்றவர் ஆகியோரின் செய்தியே வரும். அதைப் படிக்கும் மற்றவருக்கு, நம் செய்தி இதற்கு உரியதன்று என்று தோன்றிவிடுகிறது.

சங்கமும் சட்டமும்

பழைய மாணவர் சங்கங்களை 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யலாம். அதற்குக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். உறுப்பினர் பதிவேடும் ஆண்டுப் பேரவைக் கூட்டமும் இருக்க வேண்டும். கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் 'நாக்' அமைப்பும் பழைய மாணவர் பங்களிப்பை ஓர் அளவுகோலாகக் கொண்டுள்ளது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம், அரசுப் பள்ளிகளுக்குப் பழைய மாணவர்களும் பிறரும் உதவ வழி செய்தது.

இவை நல்லவையே. ஆனால் இவை எல்லாம் பழைய மாணவர் பள்ளிக்கு என்ன தருவார் என்பதையே முதலில் கேட்கின்றன. கொடுக்க முடிந்தவர் பெயர் பட்டியலில் மேலே வரும். முடியாதவர் பெயர் தேய்ந்துபோகும். வட்டுக்கோட்டைப் புரவலர்கள் கேட்டதும், ஆண்டர்சன் குழு கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.

செய்தி திரட்டும் முறை

அந்தக் கூட்டத்துக்குப் பின், மாணவர்கள் சிலரும் நானும் சேர்ந்து ஒரு நோட்டில் செய்தி எழுதத் தொடங்கினோம். அந்த அனுபவத்தில் கண்டவை பிறருக்கும் பயன்படலாம்.

1. தொடக்கம் தேர்ச்சிப் பட்டியலாக இருக்கக் கூடாது. பள்ளியின் சேர்க்கைப் பதிவேடாக இருக்க வேண்டும். பள்ளியில் நிலையாகக் காக்கப்படும் அந்த ஏட்டில், ஒருநாள் வந்தவர் பெயரும் இருக்கும். தலைமை ஆசிரியரின் இசைவு பெற்றுப் பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

2. ஒவ்வோர் ஊருக்கும் தெருவுக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஒருவரே எல்லாவற்றையும் செய்தால், அவர் ஓய்ந்ததும் தொடர்பும் ஓய்ந்துவிடும்.

3. பதவியை மட்டும் எழுதாமல் வாழ்வை எழுத வேண்டும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு தேறியது, புது மாடு வாங்கியது, கண் அறுவை முடிந்து வீடு திரும்பியது ஆகிய எல்லாமே செய்திதான்.

4. இறப்புச் செய்தியை உறுதி செய்த பின்பே எழுத வேண்டும். நோய், கடன், குடும்பச் சிக்கல் ஆகியவற்றை உரியவர் இசைவின்றிப் பகிரக் கூடாது. தொலைபேசி எண்ணும் அப்படியே.

5. ஆண்டுக்கு ஒருமுறையேனும் எல்லாவற்றையும் தாளில் அச்சிட்டு, கைப்பேசி இல்லாதவர் வீட்டிலும் கொடுக்க வேண்டும்.

முடிவுரை

பனம்பாரனார் தம் தோழரைப் பற்றி எழுதியதால் அந்த அரங்கேற்றம் இன்றும் நமக்குத் தெரிகிறது. வட்டுக்கோட்டை மாணவர்கள் ஒருவரையொருவர் மறவாததால், மூடிய பள்ளி மீண்டும் திறந்தது. பழைய மாணவர் தொடர்பு என்பது ஆண்டுக்கொரு விருந்தாலோ குழுப்படத்தாலோ நிலைப்பதன்று. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, எல்லோர் செய்தியையும் எழுதி வைப்பதால் நிலைப்பது. அந்த 'எல்லோரும்' என்ற சொல்லில் யார் யார் அடங்குவர் என்பதைப் பட்டியல் போடுபவரே முடிவு செய்கிறார். ஆகவே அவர் தேர்ந்தெடுக்கும் ஏடு முக்கியம்.

எங்கள் நோட்டில் இப்போது எதிர்க்கடைக்காரரின் பெயரும் இருக்கிறது. அந்தத் தெருவின் செய்திகளை எழுதித் தருபவரும் அவரே. மலைக்கு அப்பால் இறந்த மாணவரின் பெயருக்கு முன்னால் ஒரு விண்மீன் வரைந்திருக்கிறோம். அடுத்த சந்திப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது அவர் பெயரையும் படிப்பேன்.